முட்டையை எடுப்பதா, விடுவதா? சென்னைக் கரையில் பங்குனி ஆமைக் காவல்

சென்னையில் கடலாமை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, பெசன்ட் நகர் கடற்கரையில் குஞ்சுகளைக் கடலில் விடும் காட்சிதான். அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னால் 45 முதல் 55 நாள் வேலை இருக்கிறது. நாயும் விளக்கும் மனிதக் கால்களும் கெடுத்து வைத்ததைச் சரிக்கட்டுவதே அந்த வேலையில் பெரும்பகுதி. கூட்டிலிருந்து எடுத்த முட்டைகளை வேலிக்குள் புதைத்துப் பொரிக்கவைக்கும் பொரிப்பகம் நல்ல ஏற்பாடுதான், ஆனால் வேறு வழியில்லாத கரைக்கான ஏற்பாடு. இட்ட இடத்திலேயே முட்டை பொரிந்து, குஞ்சு தன் காலால் கடலுக்குப் போவதற்கு ஈடு எதுவும் இல்லை. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் எந்தக் கூட்டை எடுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு. சென்னையில் கரையேறி முட்டையிடுவது ஏறக்குறைய எல்லாமே பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி). வளர்ந்த ஆமையின் ஓடு 60 முதல் 70 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடை 35 முதல் 50 கிலோ வரை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டையிடும் காலம். சில ஆண்டுகளில் டிசம்பர் கடைசியிலேயே ஒன்றிரண்டு ஏறிவிடும், ஏப்ரலிலும் சில வரும். ஒரு பெண் ஆமை ஒரு தடவைக்கு 100 முதல் 120 முட்டை இடும். ஒரே பருவத்தில் இரண்டாம் தடவையும் வரலாம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. ஆமையைப் பிடிப்பது மட்டுமல்ல, முட்டையை எடுத்து வைத்திருப்பதும் குற்றம். நல்ல எண்ணத்தில் தோண்டி எடுத்து வீட்டுத் தோட்டத்து மணலில் புதைப்பவர்களுக்கும் இது பொருந்தும். வனத்துறையின் அனுமதியோடு இயங்கும் குழுக்கள் மட்டுமே முட்டையைத் தொடலாம்.

சென்னையில் இந்த வேலை 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும், பின்னாளில் இந்தியக் கடலாமை ஆய்வின் முன்னோடி எனப் பெயர் பெற்ற சதீஷ் பாஸ்கரும் இன்னும் சிலரும் இரவில் கரையோரம் நடந்து கூடுகளைத் தேடினார்கள். முட்டைகள் நாய்க்கும் விற்பனைக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் வனத்துறையும் சில ஆண்டுகள் பொரிப்பகம் நடத்தின. 1988-ல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு இன்றுவரை நடக்கிறது. 2002-ல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், நீலாங்கரையிலிருந்து தெற்கே மீனவக் குப்பத்து இளைஞர்களையே ‘கடலாமைப் பாதுகாவலர்’களாக வைத்து வேலை செய்கிறது. மாநிலத்தின் மற்ற கடலோர மாவட்டங்களில் வனத்துறை தானே பொரிப்பகங்களை நடத்துகிறது.

ஊர்க்காரர்கள் கையில் வேலை இருப்பதன் பயன் ஒன்று உண்டு. விடிகாலை மூன்று மணிக்கு வலைக்குப் போகிறவர் கண்ணில் படாமல் எந்த ஆமையும் கரையேறிவிட முடியாது. நகரத்திலிருந்து வாரக் கடைசியில் வருகிற தன்னார்வலருக்கு அந்த வசதி இல்லை.

தடம் பார்த்தல்

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, அலை கடைசியாக ஏறி நனைத்த கோட்டையொட்டி நடப்பது வழக்கம். கோட்டுக்கு மேலே உலர்ந்த மணலில் நடந்தால் மனிதக் காலடிகளுக்கு நடுவே தடம் தெரியாது. ஈர மணலில் ஆமை இழுத்துச் சென்ற பாதை ஒரு முழத்துக்கு மேல் அகலமாக, பளிச்சென்று குறுக்கே ஓடும்.

பங்குனி ஆமை இடதும் வலதுமாகத் துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து நகரும். அதனால் இரண்டு பக்கத்துக் குறிகளும் நேருக்கு நேர் நிற்காமல் முன்பின்னாக இருக்கும். பேராமை என்ற இன்னொரு வகை இரண்டு துடுப்பையும் ஒன்றாக வீசி உடலைத் தள்ளுவதால் குறிகள் இணையாக விழும். தடம் இரண்டு இருக்க வேண்டும், ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று. ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆமை இன்னும் மேலே இருக்கிறது. அந்த நேரத்தில் டார்ச் அடிக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும்.

இரண்டு தடம் இருந்தும் கூடு இல்லாமல் போவதும் உண்டு. நாய் குரைத்திருக்கும், செல்பேசி வெளிச்சம் பட்டிருக்கும், மணல் இறுகிப்போய்த் தோண்ட முடியாமல் இருந்திருக்கும். அப்போது ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் வளைந்து சேரும் இடத்தில் மணல் கலைந்து, வீசியெறியப்பட்டதுபோல் கிடந்தால்தான் கூடு. முட்டையிட்டு மூடியபின் பங்குனி ஆமை தன் உடலை இருபக்கமும் மாறி மாறித் தூக்கிப் போட்டு மணலை அடித்து இறுக்கும். அந்தத் தட்டலின் வட்டம் சில நேரம் தெளிவாகவே தெரியும்.

முட்டை சரியாக எங்கே என்பதைக் கண்டுபிடிக்க மெல்லிய மொட்டைக் கம்பு ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். கலைந்த மணலில் சாண் சாணாகக் குத்திப் பார்க்கும்போது இறுகிய மணல் கம்பைத் தடுக்கும்; முட்டைக்குழியின் கழுத்துக்கு மேலே வந்ததும் கம்பு சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்தை உணர்ந்த நொடியே நிறுத்த வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுப்பார்கள். உடல் எடையைக் கம்பின் மேல் போட்டுவிடுவார்கள், கம்பு முட்டைக்குள் போய்விடும். உடைந்த ஒரு முட்டையின் கரு மற்ற முட்டைகளின் மேல் வழிந்து, பூஞ்சையையும் எறும்பையும் கூட்டி வரும். கம்பு பிடிக்கும் வேலையைப் பழகிய ஒருவரே செய்வது நல்லது. அதற்கு ஆள் இல்லாவிட்டால் கையால் பொறுமையாகத் தோண்டுவதே மேல்.

ஆமையையே நேரில் பார்த்துவிட்டால் பின்னால் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முட்டை விழத் தொடங்கியபின் அது அவ்வளவு எளிதில் எழுந்து போகாது. அதற்கு முன் ஒரு நிழல் அசைந்தாலும் திரும்பிவிடும். ஏறியதிலிருந்து இறங்குவது வரை எல்லாம் சேர்த்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

எடுக்கலாமா என்ற முடிவு

கூடு உயர்நீர்க் கோட்டுக்கு நன்றாக மேலே, நடமாட்டமும் விளக்கும் இல்லாத இடத்தில் இருந்தால் அதை அங்கேயே விட்டு, நாய் தோண்டாதபடி மேலே கம்பி வலை பதித்துக் காவல் வைக்கலாம். ஒடிசாவில் ருஷிகுல்யா முகத்துவாரத்தில் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கான ஆமைகள் ஏறுகின்றன. அங்கே முட்டையை இடம் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. ஊர்க்காரர்கள் கரையைக் காவல் காக்கிறார்கள், விளக்கை நோக்கிப் போகும் குஞ்சுகளைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். இலங்கையின் தென்கரையில் ரெக்காவவிலும் முன்பு முட்டை எடுத்து விற்றவர்களையே காவலாளிகளாக்கிக் கூடுகளை இடம் மாற்றாமல் காத்தார்கள்.

சென்னை நகர எல்லைக்குள் இதற்கு வாய்ப்புக் குறைவு. பட்டினப்பாக்கத்திலோ திருவான்மியூரிலோ ஒரு கூட்டை இரவு முழுக்க விட்டுவைத்தால் காலையில் ஓட்டுத் தோல்தான் மிஞ்சும். மணலைச் சுத்தம் செய்ய டிராக்டர் ஓட்டும் கரைகளில் அந்தச் சக்கரமே போதும். ஆகவே இங்கே பொரிப்பகம் தேவைப்படுகிறது. ஆனால் உத்தண்டிக்குத் தெற்கே, இன்னும் இருட்டாக இருக்கும் கரைகளிலும் பழக்கம் காரணமாக எல்லாக் கூட்டையும் எடுத்துவிடுவது யோசிக்க வேண்டியது. எண்ணிக்கை காட்டப் பொரிப்பகம் வசதியானது. விட்டுவைத்த கூட்டில் எத்தனை பொரிந்தது என்று அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது. முடிவெடுக்கும்போது இந்த வசதி உள்ளே புகுந்துவிடுகிறது.

முதல் சில மணி நேரம்

ஆமை முட்டை கோழி முட்டை மாதிரி அல்ல. கோழி முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், ஆமை முட்டையைத் திருப்பவே கூடாது. தாயின் வயிற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் கருவின் வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றிருக்கும். மணலுக்குள் விழுந்ததும் மறுபடி தொடங்கும். சில மணி நேரத்தில் கரு மேல்நோக்கி நகர்ந்து ஓட்டின் உட்தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் முட்டை உருண்டால் அந்த ஒட்டு அறுந்து கரு செத்துவிடும். வெளியே பார்த்தால் முட்டை நன்றாகவே இருக்கும். 50 நாள் கழித்துத் தோண்டிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

எனவே முட்டையிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எடுத்து மறுபடி புதைத்துவிட வேண்டும். அதிகபட்சம் ஆறு மணி நேரம். காலை எட்டு மணிக்கு யாரோ சொல்லித் தெரியவந்த கூடு என்றால், முடிந்தவரை அங்கேயே விட்டுப் பாதுகாப்பதுதான் முறை. எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் சின்னக் குறி போட்டு, அந்தக் குறி மேலே இருக்கும்படியே எடுத்து, வைத்து, புதைக்க வேண்டும்.

எடுக்கும் முறை எளிது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கையில் கொசு மருந்து, எண்ணெய், கிரீம் எதுவும் இருக்கக்கூடாது. முட்டையின் தோல் காற்றையும் ஈரத்தையும் விடுவது, கையில் இருப்பதும் உள்ளே போகும். முட்டை எடுப்பதற்கு முன்னும் பின்னும் குழியின் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். துணிப்பையில் முதலில் கூட்டின் ஈர மணலைக் கொஞ்சம் போட்டு, அதன் மேல் முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி வைப்பார்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். பையை ஆட்டாமல், அடியில் கை கொடுத்துத் தூக்கி நடக்க வேண்டும். பைக்கில் வைத்து மேடுபள்ளத்தில் ஓட்டுவது அவசரத்துக்கு உதவுவதுபோல் தோன்றும். அந்தக் குலுக்கலில் முட்டைகளுக்கு என்ன ஆகும் என்பதை மேலே சொன்னதிலிருந்தே ஊகிக்கலாம்.

பொரிப்பகம்

இடத் தேர்வில்தான் பாதி வெற்றி. பெரிய அலையோ புயல் நேரத்துக் கடல் ஏற்றமோ தொடாத மேட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் புகுந்த கூட்டில் முட்டைகள் மூச்சுத் திணறிச் சாகும். மணல் ஆற்று மணல் போலவோ களிமண் கலந்ததாகவோ இருக்கக்கூடாது, அந்தக் கரையின் மணலாகவே இருக்க வேண்டும். சவுக்கு மரத்தின் வேர் ஓடும் இடம் ஆகாது, வேர் முட்டைகளுக்குள் புகுந்துவிடும். ஒரே இடத்தில் அடுத்தடுத்த ஆண்டுகள் போடுவதும் கூடாது. போன ஆண்டு பொரியாத முட்டைகளின் மிச்சத்தில் ஃபுசேரியம் போன்ற பூஞ்சைகள் தங்கியிருக்கும். இடத்தை மாற்ற முடியாவிட்டால் பழைய மணலை ஒன்றரை அடிக்கும் மேல் தோண்டி எடுத்துவிட்டு, அலைக்கோட்டை ஒட்டிய புது மணலைப் போட வேண்டும்.

குழி ஆமை தோண்டும் வடிவத்திலேயே இருக்க வேண்டும். கழுத்து ஒரு கை நுழையும் அளவு, அடி அதைவிட அகலம், ஆழம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். கூட்டில் அளந்த ஆழம் 40 என்றால் இங்கும் 40. உருளையாக நேரே தோண்டிவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் முட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக உயரமாக அடுக்கப்பட்டு, மேல் வரிசை சூட்டுக்கு மிக அருகில் வந்துவிடும். முட்டைகளை வைத்தபின் அதே கூட்டிலிருந்து எடுத்து வந்த ஈர மணலை முதலில் போட்டு, பிறகு மேல்மணலால் மூட வேண்டும். காலால் மிதித்து இறுக்கக்கூடாது. கூட்டுக்குக் கூடு ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் வளரும் கருக்களின் சூடு பக்கத்துக் கூட்டுக்கும் போகும், பார்க்க வருகிறவர்களுக்குக் கால் வைக்கவும் இடம் இருக்காது. ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பலகை. அதில் கூட்டின் எண், எடுத்த இடம், நாள், நேரம், முட்டைகளின் எண்ணிக்கை எழுதியிருக்கும்.

சுற்றிலும் போடும் வேலியின் வலைக்கண் சிறியதாக இருக்க வேண்டும், அதன் அடி மணலுக்குள் ஒரு அடியாவது இறங்கியிருக்க வேண்டும். நாயைவிட நண்டுதான் இங்கே பெரிய தொல்லை. வேலிக்குள் நண்டு வளை தெரிந்தால் அன்றே தோண்டி அடைத்துவிடுவார்கள்.

அடுத்தது சூடு. பங்குனி ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மரபணு தீர்மானிப்பதில்லை. அடைகாலத்தின் நடு மூன்றிலொரு பங்கில் மணல் எத்தனை டிகிரி இருந்தது என்பதே தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும். அதற்குக் கீழே ஆண்கள் கூடும், மேலே பெண்கள் கூடும். 32-ஐத் தாண்டினால் ஏறக்குறைய எல்லாமே பெண். 34, 35-ஐத் தாண்டித் தொடர்ந்தால் கருக்களே இறக்கத் தொடங்கும். ஜனவரிக் கூடு 50 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்வதும், மார்ச் கடைசியில் வைத்தது 45 நாளில் பொரிவதும் இதனால்தான்.

வெயில் ஏறும் ஏப்ரலில் தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ போட வேண்டியிருக்கிறது. ஆனால் ஜனவரியிலேயே பந்தல் போட்டுவிடும் பொரிப்பகங்களும் உண்டு. அது ஆண் குஞ்சுகளையே வார்த்து அனுப்புவதாக முடியலாம். கூட்டின் ஆழத்தில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்துப் பந்தலைப் போடுவதும் எடுப்பதும்தான் சரி. ஊகத்தில் செய்வதானால், பருவத்தின் முற்பாதியில் பந்தல் இல்லாமலும் பிற்பாதியில் பகலில் மட்டும் நிழலோடும் விடுவது ஓரளவு இயற்கைக்கு நெருக்கமாக இருக்கும். மணல் காய்ந்துவிட்டதே என்று வாளியால் தண்ணீர் ஊற்றுவது நல்லதல்ல. மேல்மணல்தான் காய்ந்திருக்கும். முட்டை இருக்கும் ஆழத்தில் ஈரம் இருக்கும். அதற்கும் மேல் ஊற்றுவது பூஞ்சைக்குத்தான் உதவும்.

நாற்பதாம் நாளை ஒட்டி ஒவ்வொரு கூட்டின் மேலும் மூங்கில் கூடையைக் கவிழ்ப்பார்கள். முட்டையை உடைத்து வெளியே வந்த குஞ்சு உடனே மேலே வராது. கீழே எல்லாம் சேர்ந்து அசைந்து அசைந்து மணலை உதிர்த்து, உதிர்ந்த மணலின் மேல் ஏறி இரண்டு மூன்று நாளில் மேல்மட்டத்துக்கு அருகே வந்து நிற்கும். மேல்மணல் குளிர்ந்ததும், அதாவது இரவானதும், ஒட்டுமொத்தமாகக் கிளம்பும். அதற்கு முன்னால் கூட்டின் மேல் மணல் லேசாகக் குழிந்திருக்கும். இந்தக் குழிவைப் பார்த்த இரவில் அரைமணிக்கு ஒருமுறை கூடையைத் தூக்கிப் பார்க்க ஆள் வேண்டும். விடியும்வரை கூடைக்குள் முட்டிக்கொண்டே இருந்த குஞ்சு, வெயில் ஏறும்போது அங்கேயே காய்ந்து சாகும்.

விடுவது

குஞ்சின் எடை 20 கிராமுக்குள், நீளம் 4 சென்டிமீட்டர் அளவு. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் அதன் முழு உணவு. மணலைவிட்டு வெளியே வந்ததும் ஒரு வெறி பிடித்தது மாதிரி அது துடுப்படிக்கும். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நிற்காமல் நீந்தி, கரையோரத்து மீன்களும் பறவைகளும் அதிகமுள்ள பகுதியைத் தாண்டிவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்தச் சக்தியைக் கரையிலேயே செலவழிக்க வைப்பதுதான் பொரிப்பகம் செய்யும் மிகப் பெரிய கெடுதல். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் தொட்டியிலேயே நீந்தித் தீர்த்துவிடும். முக்கியப் பிரமுகர் வரும்வரை ஆறு மணி நேரம் வைத்திருந்து விடப்படும் குஞ்சு, கேமராவுக்கு முன்னால் நன்றாகத்தான் நகரும். பிறகு கடலில் என்ன ஆகிறது என்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

பொரிந்த இரவிலேயே விடுவது முதல் தரம். சிறிது நேரம் வைத்தாக வேண்டும் என்றால் ஈர மணல் போட்ட கூடையில், இருட்டில், குளிர்ந்த இடத்தில், துணி மூடி வைக்கலாம். அப்படி வைத்தால் அசையாமல் அடங்கிவிடும். தண்ணீரில் நேரடியாக விடாமல், அலைக்கோட்டுக்குப் பல மீட்டர் மேலேயே விட்டு நடக்கவிட வேண்டும். பிறந்த கரையைப் பின்னாளில் அடையாளம் காணத் தேவையான பதிவு இந்த நடையிலும் முதல் நீச்சலிலும் உருவாகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஒரே இடத்தில் தினமும் விட்டால் மீன்கள் அங்கே கூடிவிடும், காகங்களும் பழகிவிடும். எனவே இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பொதுமக்களைக் கூட்டி விடுவதில் நன்மை இருக்கிறது. ஆமையைக் கண்ணால் பார்த்த குழந்தை அதை மறக்காது. ஆனால் கூட்டம் இருந்தால் இரண்டு விஷயம் நடந்தே தீரும். முதலாவது, காலடிக் குழிகள். நம் குதிகால் போட்ட பள்ளம் ஒரு குஞ்சுக்குக் கிணறு. விடுவதற்கு முன் அந்தப் பட்டை மணலை ஒரு பலகையால் இழுத்துச் சமப்படுத்திவிட்டால் இது தீரும். இரண்டாவது, அலை திருப்பியடித்த குஞ்சு கூட்டத்தின் கால்களுக்கிடையே வந்து சேர்வது. விடும் இடத்தின் இருபக்கமும் கடல்வரை கயிறு கட்டி, கடைசிக் குஞ்சு போய்ப் பத்து நிமிடம் ஆகும்வரை யாரும் நகரக்கூடாது என்று சொல்லியாக வேண்டும். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுப்பவர் பக்கம் குஞ்சு திரும்பி நடந்து வரும்.

பிறகு கூட்டைத் தோண்டிக் கணக்குப் பார்ப்பது. காலி ஓடுகள், பொரியாத முட்டைகள், பாதி வளர்ந்து செத்தவை, ஓட்டை உடைத்தும் மேலே வர முடியாதவை என்று தனித்தனியாக எண்ண வேண்டும். வளர்ச்சியே இல்லாத முட்டை அதிகம் என்றால் எடுத்த நேரத்தையும் தூக்கி வந்த விதத்தையும் சந்தேகிக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் செத்தவை அதிகம் என்றால் சூடு. நாற்றமெடுத்துக் கட்டியாக ஒட்டிக்கிடந்தால் பூஞ்சை அல்லது தண்ணீர். இந்தக் கணக்கை எழுதாத பொரிப்பகம் அடுத்த ஆண்டும் அதே தவறைச் செய்யும்.

விளக்கு

குஞ்சு கடலைக் கண்டுபிடிப்பது வாசனையாலோ சத்தத்தாலோ அல்ல. தாழ்வான அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். உயர்ந்து இருண்டு தெரியும் பக்கத்தைவிட்டு விலகும். மின்விளக்கு இல்லாத காலத்தில் வெளிச்சமான பக்கம் கடல், இருண்ட பக்கம் தாழைப் புதரும் தென்னந்தோப்பும். இன்று கடற்கரைச் சாலையின் உயர்கோபுர விளக்கு அந்த விதியைத் தலைகீழாக்கிவிட்டது. விட்டுவைத்த கூட்டின் குஞ்சுகள் நேராகச் சாலைக்குப் போய் வண்டிச் சக்கரத்தில் நசுங்கும், அல்லது காலையில் எறும்பு மொய்க்கக் கிடக்கும்.

முட்டைப் பருவத்தில் சில கடற்கரைப் பகுதிகளில் நள்ளிரவை ஒட்டி விளக்குகளை அணைக்க மாநகராட்சியிடம் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி அது தளர்ந்துபோவதும் உண்டு. முழுக்க அணைக்காமலும் பலன் பெறலாம். விளக்கைத் தாழ்வாக வைத்து, கடல் பக்கம் தகடு மறைத்து, வெள்ளைக்குப் பதில் ஆழ்ந்த மஞ்சளோ சிவப்போ போட்டால் குஞ்சுகள் திரும்புவது வெகுவாகக் குறையும். கடலோர விடுதிகளும் பண்ணை வீடுகளும் மாடி விளக்கை அணைத்தாலே ஈஞ்சம்பாக்கத்துக்குத் தெற்கே பல கூடுகளை எடுக்கத் தேவை இருக்காது.

கரையே இல்லாமல் போவதற்கு மருந்தில்லை. சென்னைத் துறைமுகம் மணல் ஓட்டத்தைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் அரித்தது. அங்கே கொட்டிய பாறைகளின் மேல் எந்த ஆமையும் ஏற முடியாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அலைக்கோட்டுக்கு நெருக்கமாகச் சவுக்கு நட்ட இடங்களிலும் கூடு வைக்கும் மணல் சுருங்கிப்போனது.

ஐந்து கடல் மைல்

பொரிப்பகத்தின் கணக்கை வேறொரு கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். கடலில் விடப்பட்ட ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து முட்டையிட வரும் என்பது எல்லோரும் சொல்லும் தோராயம். அதற்கும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். ஜனவரி 2025-ல் சென்னையையும் அதன் பக்கத்து மாவட்டங்களையும் ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்தத் தோராயப்படி, அவற்றை ஈடுசெய்யப் பத்து லட்சம் குஞ்சுகள் வேண்டும். தமிழகத்துப் பொரிப்பகங்கள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுவது சில லட்சத்தைத் தாண்டாது.

செத்தவற்றில் பலவற்றுக்குக் கண் பிதுங்கியிருந்தது, கழுத்து வீங்கியிருந்தது. நீரில் மூழ்கிச் செத்ததற்கான அறிகுறிகள் இவை. ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சுவிட்டாக வேண்டும். விசைப்படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவைமடி மணிக்கணக்கில் அடியில் இழுபடும். உள்ளே மாட்டிய ஆமை போராடுவதால் மூச்சு இன்னும் சீக்கிரம் தீரும். முட்டையிடக் காத்திருக்கும் ஆமைகள் கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள்தான் கூடி நிற்கும். இழுவைப் படகுகள் 5 கடல் மைலுக்குள், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை, மடி இழுக்கக்கூடாது என்பது தமிழக விதி. இறால் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பதால் படகும் அங்கேயே வருகிறது. அதே பகுதியில் ஃபைபர் படகில் வலை விடும் சிறு மீனவர்களுக்கும் இதே விதிதான் பாதுகாப்பு. விதி மீறப்படுவதை முதலில் சொல்கிறவர்களும் அவர்களே.

கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. அது மீன் இனப்பெருக்கத்துக்கான தடை. ஏப்ரல் 15-க்குள் சென்னையில் பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்திருக்கும். ஒடிசாவில் தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களுக்கு எதிரே 20 கிலோமீட்டருக்கு நவம்பர் 1 முதல் மே 31 வரை தனித் தடை இருக்கிறது. அது ஆமையின் நாட்காட்டியைப் பார்த்துப் போட்டது.

மடியில் பொருத்தும் ஆமை விலக்கியும் ஒரு வழி. சாய்வான கம்பிச் சட்டம் ஒன்றை மடியின் கழுத்தில் வைத்து, அதன் மேலோ கீழோ ஒரு திறப்பு விடுவார்கள். இறால் கம்பிகளுக்கிடையே பின்பக்கம் போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியப் படகுகளுக்கு ஏற்ற வடிவத்தைச் செய்திருக்கிறது. விசைப்படகுக்காரர்கள் சொல்லும் தடை பொய்யல்ல. இங்கே இழுவைமடி இறாலுக்கு மட்டும் போடப்படுவதில்லை, பெரிய மீனுக்கும்தான். அந்த மீனும் ஆமையோடு வெளியே போய்விடும். ஆகவே அதிகாரி பார்க்கும்போது கம்பிச் சட்டம் மடியில் இருக்கும், கடலில் திறப்பைக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். இந்த விலக்கி இல்லை என்பதால்தான் 2019-லிருந்து இந்தியாவின் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. அந்த இழப்பு ஏற்றுமதியாளருக்குத் தெரிகிறது. காசிமேட்டில் டீசல் போட்டுக் கிளம்புகிற படகுக்காரருக்கு அது நேரடியாகத் தெரிவதில்லை.

மாட்டிய ஆமையை விடுவிக்க வலையை அறுக்கும் சிறு மீனவருக்கு வலை நஷ்டம். மகாராஷ்டிரத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு அரசு இழப்பீடு தருகிறது. விடுவித்ததைப் படம் எடுத்து விண்ணப்பிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கரையில் ஒதுங்கும் ஆமைச் சடலத்தைப் பதிவு செய்வதும் இந்தக் குழுக்களின் வேலை. நாள், இடம், ஓட்டின் மேல் வளைவோடு நாடா வைத்து அளந்த நீளம், வெட்டுக்காயம், வலைத் துண்டு இவற்றைக் குறிக்க வேண்டும். வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் வளர்ந்த ஆண், குட்டையாக இருந்தால் பெண் அல்லது இன்னும் வளராத ஆமை. படம் எடுத்தபின் ஓட்டின் மேல் பெயின்டால் பெரிய குறி ஒன்று போடுவார்கள். போடாவிட்டால் அலை இழுத்துக்கொண்டு போய் அடுத்த குப்பத்தில் ஒதுக்கும், அங்கேயும் எண்ணிவிடுவார்கள். எண்ணிக்கை ஊதிவிட்டது என்று படகுச் சங்கத்தினர் சொல்ல அந்த ஒரு சடலமே போதும். குறித்தபின் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, உடல் அழுகாமல் இருந்தால் அறுத்துப் பார்த்து, அலைக்கோட்டுக்கு மேலே நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கிறார்கள்.